அரைப்பேர் போட இடமில்லாத படிவம்: பட்டமளிப்பு நாள் வேலைவாய்ப்பு வினாக்கொத்து, ஒரு மதிப்பீடு

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி வாங்கப் போகும் வரிசையில் கையில் ஒரு வினாக்கொத்தைத் தருவார்கள். இப்போது பல இடங்களில் அது கைபேசியில் திறக்கும் கூகுள் படிவமாகிவிட்டது. இங்கே மதிப்பிடப்படுவது அதுதான். "எமது பீடத்துப் பட்டதாரிகளில் இத்தனை வீதம் பேர் தொழில் பெற்றுவிட்டார்கள்" என்று ஆண்டறிக்கையிலும் பீடத்தின் அறிமுகக் கூட்டத்திலும் சொல்லப்படும் எண் பெரும்பாலும் பிறப்பது இந்த வரிசையில்தான். நுவரெலியாவிலும் பதுளையிலும் உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை விரித்து, எந்தப் பாடநெறியை முதலில் எழுதுவது என்று மண்டையை உடைக்கும் வீடுகளில் அந்த எண்ணுக்கு நல்ல மதிப்பு. ஆகவே அதைத் தயாரிக்கும் தராசைக் கொஞ்சம் கவிழ்த்துப் பார்ப்பது தகும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்களைப் பிடிப்பதில் இந்த வினாக்கொத்து கெட்டி. கேள்வி கேட்பதில் சுமார். வந்த பதிலை வகைப்படுத்துவதில் மோசம். ஐந்துக்கு இரண்டரை.

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் படிவம் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். முதல் பகுதியில் பதிவிலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், பீடம், பொதுப் பட்டமா சிறப்புப் பட்டமா, எந்த வகுப்புச் சித்தி, அனுமதி பெற்ற மாவட்டம். இரண்டாம் பகுதிதான் உயிர்நிலை: தற்போது தொழில் செய்கிறீரா, அரசா தனியாரா சொந்தத் தொழிலா, பதவியின் பெயர், மாதச் சம்பளம் எந்த வீச்சுக்குள், முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது, படித்த பாடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா. மூன்றாம் பகுதியில் ஆங்கில அறிவு, கணினி, தலைமைத்துவம், குழுவாக வேலை செய்யும் திறன் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். பின்னால் ஐம்பது பேர் நிற்க, பெற்றோர் வெயிலில் காத்திருக்க, அந்தப் பகுதியில் மேலிருந்து கீழாக 4, 4, 4 என்று ஒரே கோடு விழுவது இயற்கை. அதிலிருந்து வரைபடம் வரைந்து அறிக்கையில் போடுவதை நிறுத்திவிட்டு, அந்த ஒரு பக்கத்தை இரண்டாம் பகுதிக்குக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அங்கியும் படிவமும் ஒரே மேசையில் கிடைப்பதால் பதில் வீதம் எகிறும். தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பும் எந்தக் கணக்கெடுப்பும் இதன் கிட்டவே வராது. மலையகத்தைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமல்ல. தோட்ட முகவரி பலவற்றில் வீட்டிலக்கமே கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஊர், அவ்வளவுதான். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, போய்ச் சேர வேண்டும். தபால் மூலம் தேடினால் காணாமற் போகும் முதல் ஆட்கள் இவர்கள்தான். வரிசையில் நிற்கும்போதே பிடித்துவிட்டால் அந்த இழப்பு இல்லை.

ஆனால் வரிசைக்கே வராதவர்கள் இருக்கிறார்கள். விழாவுக்கு வராமல் பட்டத்தை மட்டும் பெற்றுக்கொள்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, வெளிநாடு போய்விட்டவர்கள், அல்லது புதிய வேலையில் லீவு கிடைக்காதவர்கள். மற்றது, கையில் காசில்லாமல் போக்குவரத்துக்கும் உடுப்புக்கும் படத்துக்கும் செலவு செய்ய முடியாதவர்கள். மேல் நுனியும் கீழ் நுனியும் ஒரேயடியாக வெட்டுப்பட்டு, நடுத்துண்டு மட்டும் படிவத்தில் விழுகிறது. இரண்டு இழப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நினைப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அடுத்தது காலம். எந்த நாளில் கேட்கிறோம் என்பதே பாதி விடை. பிரித்தானியாவில் முன்பு படிப்பு முடிந்து ஆறு மாதத்தில் கேட்டார்கள். 2016/17 பட்டதாரிகளோடு அதை நிறுத்தி, 2017/18 தொகுதியிலிருந்து ஏறக்குறைய 15 மாதம் கழித்துக் கேட்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் நாலிலிருந்து ஆறு மாதத்தில் ஒரு முறை, மூன்று வருடம் கழித்து இன்னொரு முறை. நம் படிவத்தின் கடிகாரம் பட்டமளிப்பு விழா. விழா என்றைக்கு வைக்கப்படுகிறது என்பது பெறுபேறு எப்போது வெளியானது, இடையில் வேலைநிறுத்தம் வந்ததா, மண்டபம் எப்போது கிடைத்தது என்பதைப் பொறுத்தது. ஒரு பீடத்தாருக்குக் கடைசிப் பரீட்சை முடிந்து எட்டு மாதம், இன்னொரு பீடத்தாருக்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்கும்போது ஒரே மேசையில் ஒரே கேள்வியைக் கேட்டு, இரண்டு வீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். பத்து மாதம் கூடுதலாக வேலை தேடியவன் கூடுதலாகக் கண்டுபிடித்திருப்பான், இதில் பீடத்தின் பெருமை எங்கே வந்தது? சான்றிதழில் பட்டம் நடைமுறைக்கு வரும் திகதி இருக்கிறது. அதைப் படிவத்தில் ஒரு வரியாகக் கேட்டு, அந்தத் திகதியிலிருந்து எத்தனை மாதம் என்று பிரித்துப் போட்டால் பிரச்சினையில் பாதி தீரும்.

மருத்துவ பீடத்தில் இந்தக் கடிகாரம் வேடிக்கையே காட்டும். உள்ளகப் பயிற்சி நியமனத்துக்காகத் தொகுதியே ஒன்றாகக் காத்திருக்கும் மாதத்தில் விழா நடந்தால் வேலையில் இருப்பவர் கிட்டத்தட்ட பூச்சியம். நியமனம் வந்த பிறகு நடந்தால் கிட்டத்தட்ட நூறு. சட்டப் பட்டதாரி சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார். அவரை வேலையில்லாதவர் என்பதா, மேற்படிப்பில் இருப்பவர் என்பதா என்று படிவம் சொல்வதில்லை. நிரப்புகிறவரின் மனநிலைதான் முடிவு செய்கிறது.

இனி உயிர்நிலைக்கு வருவோம். "தற்போது தொழில் செய்கிறீரா? ஆம் / இல்லை." தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டில்கூட இதைவிட நுணுக்கமாகக் கணக்கு வைக்கிறார்கள். நாளுக்குரிய கிலோ கொழுந்து வந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்; பேரில் சேராத வேலைக்குக் கைக்காசு. செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் இருக்கும் அந்த அரைப்பேர் என்ற கட்டம் பட்டதாரிகளின் படிவத்தில் இல்லை.

இல்லாததால் என்ன ஆகிறது? ஹட்டன் பஸாரில் அப்பாவின் கடையில் சம்பளமில்லாமல் உட்காரும் பட்டதாரி "இல்லை" என்று எழுதுவார். அதே ஆளிடம் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படைக் கணக்கெடுப்பு போனால் அவர் தொழில் செய்பவர்; குறிப்புக் கிழமையில், அதாவது கேட்கும் நாளுக்கு முந்திய கிழமையில், ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே போதும், குடும்பத்துக்காகச் சம்பளமின்றி உழைப்பவரும் கணக்கில் சேர்வார். வாரத்துக்கு நாலு மணித்தியாலம் டியூஷன் எடுப்பவர் ஒரு வருடம் "ஆம்" போடுவார், மறு வருடம் அதே நிலையில் இன்னொருவர் "இல்லை" போடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை.

வேலையில்லாதவர் என்ற பெட்டிக்குள் போவதற்கும் திணைக்களத்தில் விதி உண்டு: கடந்த நான்கு கிழமைக்குள் வேலை தேடி ஏதாவது நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், இரண்டு கிழமைக்குள் வேலை தந்தால் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். வர்த்தமானியைப் பார்த்து ஆறு மாதத்துக்கு முன் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, நேர்முகக் கடிதம் வரும் வரை சும்மா இருப்பவர் இந்த விதிப்படி தொழிற்படைக்கே வெளியே. வேலையில்லாதோர் வீதத்தில் அவர் ஏறமாட்டார். மலையகத்தில் பட்டதாரி ஒருவர் காத்திருக்கும் விதமே இதுதான் என்னும்போது, தேசிய வீதம் இந்தப் பக்கத்து நிலைமையைக் குறைத்துக் காட்டுகிறது. பட்டமளிப்புப் படிவத்தில் இவர் "இல்லை" என்று விழுவதால், இந்த ஓர் இடத்தில் அந்தப் படிவமே தேவலை.

வேண்டுமென்றே "இல்லை" போடும் ஆட்களும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. 2020-இல் அரசு பட்டதாரிப் பயிலுனர்களை எடுத்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்த விண்ணப்பதாரிகள் முதலில் ஒதுக்கப்பட்டு, மேன்முறையீடு செய்ய வேண்டி வந்தது. ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ சில மாதம் வேலை செய்து, அந்த நிதிக்குத் தன் பங்காக 8 வீதமும் முதலாளி பங்காக 12 வீதமும் கட்டப்பட்ட பதிவுதான் வினையானது. அதைப் பார்த்த பிறகு, அடையாள அட்டை இலக்கத்தோடு கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் "தனியாரில் வேலை" என்று எழுதப் பட்டதாரி தயங்குவார். படிவத்தின் மேலே "இந்தத் தகவல் எந்த நியமனத்துக்கும் பயன்படுத்தப்படமாட்டாது" என்று ஒரு வரி தமிழிலும் தெளிவாகப் போட வேண்டும். அதற்காக அச்சுச் செலவு ஒரு சதமும் ஏறாது.

அந்தப் பயிலுனர் திட்டமே வகைப்படுத்தலுக்கு ஒரு தலைவலி. மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு, ஒரு வருடப் பயிற்சி, பிறகு நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு. அப்படிப்பட்டவரை "அரச துறை, முழுநேரம்" என்று போட்டால் வீதம் ஒரே இரவில் குதிக்கும். நியமனம் வழங்கும் ஆண்டில் வேலைவாய்ப்பு வீதம் ஏறுவதும் அடுத்த ஆண்டு சரிவதும் பாடத்திட்டத்தால் நடப்பதல்ல. ஏற்றத்தைப் பாடத்திட்ட மாற்றத்தின் வெற்றி என்று அறிக்கையில் எழுதும் முன், அந்த ஆண்டு அரசு நியமனம் ஏதும் வந்ததா என்று பார்ப்பது நல்லது.

வகுத்தல் கணக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக ஒரு தொகுதி: பட்டம் பெற்றவர் 240, படிவம் நிரப்பியவர் 150. அந்த 150 பேரில் நிரந்தர முழுநேர வேலையில் 60, பயிலுனராகவோ தற்காலிகமாகவோ 22, டியூஷனும் சொந்தத் தொழிலுமாக 14, மேற்படிப்பில் 18, வேலை தேடுபவர் 30, இப்போதைக்குத் தேடாதவர் 6.

எந்த வேலையானாலும் வேலை என்று 96 பேரையும் எடுத்து, தேடுபவர்களையும் சேர்த்த 126-ஆல் வகுத்தால் 76 வீதம். மேற்படிப்பையும் வெற்றியாகச் சேர்த்து 114-ஐ 150-ஆல் வகுத்தாலும் 76 வீதம்தான், ஆனால் அர்த்தம் வேறு. 96-ஐ 150-ஆல் வகுத்தால் 64. நிரந்தர வேலையை மட்டும் எடுத்தால் 40. அதே 60 பேரை மொத்தத் தொகுதியான 240-ஆல் வகுத்தால் 25. ஒரே மேசை, ஒரே கட்டுப் படிவம், 76-இலிருந்து 25 வரை. கீழே என்ன எண்ணால் வகுத்தார்கள் என்று அச்சிடாத வீதத்தை விலைச்சீட்டில்லாத சாமானாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் தராத 90 பேரை மறந்துவிடக் கூடாது. அவர்கள் அத்தனை பேரும் வேலையில் இருந்தால் 186-ஐ 240-ஆல் வகுத்து 77.5 வீதம், ஒருவருக்கும் இல்லையென்றால் 96-ஐ 240-ஆல் வகுத்து 40 வீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. அறிக்கையில் "76.2 வீதம்" என்று தசமத்தோடு போடுவது இந்த நிலையில் வெறும் அலங்காரம். பதினெட்டுப் பேர் படிக்கும் சிறிய துறையென்றால் ஒரே ஒருவர் வேலைக்குப் போனால் வீதம் ஐந்தரைக்கு மேல் நகரும். அங்கே வீதம் போடவே கூடாது. "18-இல் 11" என்று எழுதினால் போதும்.

வேலை இருக்கிறதா என்பதைத் தாண்டி, அது பட்டதாரிக்குரிய வேலையா என்பது அடுத்த கேள்வி. மலையகத்துப் பட்டதாரி அதிகம் அடிபடுவது இங்கேதான். பதவியின் பெயரை எடுத்து, சர்வதேச தொழில் தாபனத்தின் 2008-ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில், அல்லது அதையொட்டி இலங்கையில் பயன்படும் வகைப்பாட்டில், நாலு இலக்கக் குறியீடு போடுவார்கள். முதல் இலக்கம் பெருந்தொகுதி. 1 முகாமையாளர், 2 தொழில்சார் வல்லுநர், 3 தொழில்நுட்பரும் உதவி வல்லுநரும். இந்த மூன்றும் பட்டதாரிக்கு ஏற்றவை என்று எண்ணப்படும். 4 எழுதுவினைஞர், 5 சேவையும் விற்பனையும், 6 விவசாயம், 7 கைவினை, 8 இயந்திரம் இயக்குதல். 4 முதல் 8 வரை ஒரே திறன் மட்டம், அதாவது இரண்டாம் மட்டம். 9 அடிப்படை வேலைகள். இராணுவத்துக்குப் பூச்சியம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

தோட்டப் பாடசாலையில் "ஆசிரியர் உதவியாளர்" என்ற பெயரில் நியமனம் பெற்றவரை எடுப்போம். பதவிப் பெயரை மட்டும் பார்த்துக் குறியீடு போடுபவர், வகைப்பாட்டுப் பட்டியலில் ஆசிரியருக்கு உதவி செய்பவர் என்ற இடத்தைத் தேடி 5312 போடுவார். அது ஐந்தாம் தொகுதி. பட்டதாரிக்குக் கீழான வேலை. ஆனால் அவர் தனியாக நின்று தரம் 4-இன் எல்லாப் பாடத்தையும் கற்பிக்கிறார்; செய்யும் வேலைப்படி அது 2341, ஆரம்பப் பாடசாலை ஆசிரியர், இரண்டாம் தொகுதி. வகைப்பாட்டின் விதியே செய்யும் பணியை வைத்துத்தான் குறியீடு போட வேண்டும் என்பது. பெயரை வைத்துப் போட்டது போட்டவரின் பிழை. படிவத்தில் "பதவியின் பெயர்" என்று ஒரே ஒரு கோடு மட்டும் விட்டது படிவத்தின் பிழை.

தேயிலையில் இது தலைகீழாக நடக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டம் தருகிறது. அதைப் படித்து, கொழும்பில் தேயிலைத் தரகு நிறுவனமொன்றில் சுவை பார்ப்பவராகச் சேர்ந்தால், படித்ததற்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது. வகைப்பாடு அவருக்குத் தரும் குறியீடு 7515, உணவு பானச் சுவைஞரும் தரம் பிரிப்பவரும். ஏழாம் தொகுதி, பக்கத்து இலக்கங்களில் இறைச்சி வெட்டுபவரும் (7511) பாண் போறணைக்காரரும் (7512). அதே துறையில் படித்த நண்பர் தோட்டத்தில் சின்னத்தொரையாக, அதாவது உதவித் தோட்ட முகாமையாளராக, போயிருந்தால் 1311, நேராக முதலாம் தொகுதி. ஒருவர் தோல்வி, ஒருவர் வெற்றி என்று கணினி எழுதும். முன்பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் படிப்பிப்பவருக்கு 2342, இரண்டாம் தொகுதி, அவரும் வெற்றி. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், பிள்ளை பார்ப்பவருக்கு 5311. சம்பளமும் நிரந்தரமும் ஒரு பக்கம் இழுக்க, குறியீடு இன்னொரு பக்கம் இழுக்கிறது.

அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயர் இன்னும் சிக்கல். பிரதேச செயலகத்தில் திட்டங்களைத் திட்டமிட்டுக் கண்காணிப்பவரும் அதுதான், மேசையில் உட்கார்ந்து கோப்புக்கு இலக்கம் போடுபவரும் அதுதான். முதலாமவர் இரண்டிலோ மூன்றிலோ விழலாம். மற்றவர் செய்வது 4110, பொது எழுதுவினைஞர் வேலை. வங்கியும் அப்படியே: காசுப் பீடத்தில் இருப்பவர் 4211, கடன் பிரிவில் இருப்பவர் 3312. கிளைக்குள் ஆளை மேசை மாற்றினாலே அவர் பட்டதாரிக்குரிய வேலை பெற்றவர் ஆகிவிடுகிறார்.

ஆகவே படிவத்தை நிரப்புகிறவர்களுக்கு ஒரு வேலை: பதவியின் பெயரோடு நிறுத்தாமல், கிழமையில் அதிக நேரம் செய்யும் இரண்டு காரியங்களை அதே கோட்டில் எழுதுங்கள். "ஆசிரியர் உதவியாளர், தரம் 4 முழு வகுப்பும் கற்பித்தல்." "அபிவிருத்தி உத்தியோகத்தர். அரச உதவி பெறும் குடும்பங்களின் கள ஆய்வு, அறிக்கை தயாரித்தல்." குறியீடு போடுபவர் ஊகிக்க வேண்டியிராது. படிவம் தயாரிப்பவர்கள் கோட்டை மூன்று வரியாக்கினால் இந்த அறிவுரையே வேண்டாம்.

வெளிவாரிப் பட்டதாரிகள் கதை தனி. உயர்தரத்தோடு ஆசிரியராகச் சேர்ந்து, பாடசாலை முடிந்த பின்னும் வார இறுதியிலும் படித்து, பட்டதாரிக்குரிய சம்பளப் படிநிலைக்கு மாறும் நோக்கத்தோடு பட்டம் எடுத்தவர்கள் மலையகத்தில் ஏராளம். விழா நாளில் இவர்கள் எல்லாரும் "ஆம், அரச துறை, முழுநேரம்" என்று எழுதுவார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் பட்டத்துக்கு முன்பே இருந்த வேலையைப் பட்டத்தின் பலன் என்று எண்ணினால் வெளிவாரிப் பாடநெறி உள்வாரியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். "இந்த வேலையில் சேர்ந்த ஆண்டு" என்ற ஒரு கேள்வி இதைப் பிரித்துவிடும். இவர்களுக்குச் சரியான அளவுகோல் பட்டத்தால் படிநிலை மாறியதா, எத்தனை மாதத்தில் மாறியது என்பது. அதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய் என்ன ஆனார்கள் என்று தனியாகப் பார்க்க விரும்புபவருக்கு இந்த வினாக்கொத்து கைகொடுக்காது. படிவத்தில் மாவட்டம் இருக்கிறது. நுவரெலியா மாவட்டம் என்றால் வலப்பனையின் கிராமமும் வரும், பொகவந்தலாவையின் லயமும் வரும். இனம் கேட்கும் இடத்தில் மலையகத்தவர் பலர் இலங்கைத் தமிழர் என்றே குறிப்பதால் அந்த வழியும் அடைபடும். தொழிற்படைக் கணக்கெடுப்பு நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது; 20 ஏக்கருக்கு மேல், 10 அல்லது அதற்கு மேற்பட்ட வதியும் தொழிலாளர் கொண்ட பெருந்தோட்டமே தோட்டத்துறை. ஆனால் ஆள் இப்போது எங்கே வசிக்கிறார் என்பதை வைத்துத்தான் அந்தப் பிரிப்பு. பட்டம் பெற்று வேலை கிடைத்து ஹட்டனில் வாடகை அறை எடுத்தவுடன் அவர் நகரத்துறை. கொழும்பு போனால் கொழும்பு. வேலை கிடைக்காமல் லயத்துக்கே திரும்பி வந்தவர் மட்டும் தோட்டத்துறைப் பட்டதாரியாக எஞ்சுகிறார். தேறியவரைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளந்தால் தோட்டத்துறைக் கணக்கு எப்போதும் மங்கலாகத்தான் தெரியும். போதாததற்கு, அதன் முக்கிய அட்டவணைகளில் "உயர்தரமும் அதற்கு மேலும்" என்று ஒரே வகுப்பு. உயர்தரத்தோடு நின்றவரும் பட்டதாரியும் அதற்குள் கலந்திருப்பார்கள்.

பட்டமளிப்புப் படிவத்தில் இரண்டு கேள்வி சேர்த்தால் இது தீரும்: சாதாரணதரம் எழுதிய பாடசாலை, அப்போது பெற்றோர் செய்த தொழில். இரண்டும் மாறாதவை, ஆள் எங்கே குடிபோனாலும் கூடவே வரும். மலையக மாணவர்கள் பேராதனைக்கும் பதுளைக்கும் மட்டுமன்றி யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், பெலிஹுல்ஓயா என்று சிதறிப் போவதால், எல்லாப் பல்கலைக்கழகமும் இந்த இரண்டையும் ஒரே சொற்களில் கேட்டால்தான் கூட்டிப் பார்க்க முடியும்.

கண்டியிலும் ஹட்டனிலும் வெளிநாட்டுப் பட்டம் விற்கும் கல்லூரிகளின் துண்டுப்பிரசுரம் பற்றிச் சுருக்கமாக. அதில் வரும் "90 வீதம் வேலைவாய்ப்பு" பெரும்பாலும் பட்டம் வழங்கும் பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் எண். பிரித்தானியாவின் 15 மாதக் கணக்கெடுப்பு, முழுப் படிப்பையும் அந்நாட்டுக்கு வெளியே முடித்தவர்களைச் சேர்ப்பதில்லை. ஹட்டனில் இருந்து அதே பட்டத்தைப் படிப்பவருக்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. காசு கட்டும் முன் மேசையில் மூன்றைக் கேளுங்கள்: இந்தக் கிளையில் படித்து முடித்தவர்களா, மொத்தம் எத்தனை பேரில், முடித்து எத்தனை மாதத்தில் கேட்டது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கடைசியாக, படிவத்தைக் கையாளும் தொழில் வழிகாட்டல் பிரிவினருக்கு. ஒரே ஆளை விழா நாளிலும் பின்னர் இன்னொரு முறையும் பிடித்து இரண்டு பதிலையும் பொருத்த, அடையாள அட்டை இலக்கம்தான் சாவி. பெயரை நம்பினால் தலைப்பெழுத்து வித்தியாசத்திலேயே பாதி தவறிவிடும். அங்கேயும் ஒரு பொறி: பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும், 2016-இலிருந்து வழங்கப்படுவது பன்னிரண்டு எண். முதல் முறை பழையதையும், அட்டையைப் புதுப்பித்த பின் புதியதையும் எழுதியவர் இரண்டு ஆட்களாகிவிடுவார். பொருத்தும் முன் எல்லாவற்றையும் பன்னிரண்டாக்குங்கள்: எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியம் நுழைத்தால் சரி. எக்ஸலில் இலக்க நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவமாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டு எண்ணும் அடுக்குக்குறியாகச் சுருங்கித் தெரியும், அப்படியே வேறு கோப்பாகச் சேமித்தால் கடைசி எண்கள் போயே போய்விடும்.

இரண்டாம் முறை அழைப்பதற்குப் பட்டம் நடைமுறைக்கு வந்து 15 மாதம் என்று வைத்துக்கொண்டால் வெளிநாட்டுக் கணக்கோடும் ஒப்பிடலாம். அதற்குள் பாதிப் பேரின் சிம் மாறியிருக்கும். படிவத்தில் "மாற்றுத் தொலைபேசி இலக்கம்" என்று இருக்கும் இடத்தில் பட்டதாரி தன்னுடைய இன்னொரு சிம்மின் இலக்கத்தை எழுதிவிட்டுப் போவார். அதை "வீட்டில் உள்ள ஒருவரின் இலக்கம், அவர் பெயர், உறவுமுறை" என்று மாற்றுங்கள். மகன் எண்ணை மாற்றினாலும் அம்மா மாற்றமாட்டார். அழைத்தால் மகன் எந்த ஊரில், என்ன வேலையில், முழுப்பேரா அரைப்பேரா என்பது வரைக்கும் அவரே சொல்லிவிடுவார்.